நிறுத்தத்தில் நிற்கும் பேருந்தைச் சைக்கிளில் கடப்பது

வணக்கம். சிக்னலுக்குச் சற்று முன்னால் பேருந்து நிறுத்தம், பேருந்து சைக்கிள் பாதையை மறித்தே நிற்கிறது, தினமும் பயந்துகொண்டே போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பயம் நியாயமானது.

முதலில், பேருந்துக்கும் நடைபாதைக்கும் நடுவே உள்ள இடுக்கில் புகவே புகாதீர்கள். படியிலிருந்து இறங்குபவர் நேரே உங்கள் ஹேண்டில்பார் மீதுதான் காலை வைப்பார். பின்னால் நின்றுவிடுங்கள், 30 நொடி போனால் போகட்டும். சுற்றித்தான் போக வேண்டுமென்றால் திரும்பிப் பார்த்து, கை காட்டி, நன்றாகத் தள்ளிப் போங்கள். பேருந்து கிளம்ப இண்டிகேட்டர் போட்டால் விட்டுவிடுங்கள்.

அப்புறம், இந்த நிறுத்தம் பற்றி நீங்கள் கொடுக்க நினைக்கும் மனு. நிறுத்தத்தையே எடுக்கச் சொல்லாதீர்கள், பயணிகள் பாவம். சந்திப்பைத் தாண்டி மாற்றச் சொல்லுங்கள். இப்போது நிற்கும் பேருந்து, திரும்பும் வண்டிகளிடமிருந்து உங்களை மறைக்கிறது. இடமிருந்தால் நெதர்லாந்தில் செய்வதுபோல் சைக்கிள் பாதையை நிறுத்தத்துக்குப் பின்பக்கமாக வளைத்துவிடலாம், பயணிகள் ஏறி இறங்க, சாலைக்கும் சைக்கிள் பாதைக்கும் நடுவில் தீவு போல ஒரு மேடை. அந்தத் தீவில் சக்கர நாற்காலி திரும்ப இடம் வேண்டும். பார்வையற்றவர்கள் கடக்கும் இடத்தில் சைக்கிள்கள் மெதுவாகும்படி மேடும் கேளுங்கள். அதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.