வாகனப் பக்கம்: அப்பாவின் வேகனை எங்கிருந்து தொடங்குவது?

ஐயா, அப்பா ஓடிய 1984ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா டீ.எக்ஸ். வேகன் (மாடல் கே.ஈ. 72) இப்போது என் பொறுப்பில். 1300 எஞ்சின். வீடு மட்டக்களப்பு கல்லடியில், கடற்கரைப் பக்கம். புது வாகனம் வாங்க வசதியில்லை, இதையே அழகாக்கி ஓட விருப்பம். அலோய் வீல், உயரத்தைக் குறைப்பது, சத்தமான சைலன்சர், கறுப்புப் பெயின்ற், இவற்றில் எதை முதலில் செய்யட்டும்?
– வாசகர், கல்லடி

தம்பி, அதை விற்காமல் வைத்திருக்கிறீர்களே, சந்தோஷம். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது பழைய வாகனங்களுக்கே விலை ஏறியது. 2025இல் திறந்துவிட்டாலும், வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதியது எட்டாத விலைதான். அதனால் உங்கள் வேகனில் போடும் காசு வீண்போகாது. ஆனால் முதல் காசு தகரத்துக்குத்தான் போகவேண்டும்.

கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்று வேகனைத் தின்னும் இடங்கள் எனக்குப் பழக்கம்: பின்கதவின் கீழ்விளிம்பு, பின்சக்கர வளைவு, பக்கக் கண்ணாடி ரப்பரின் கீழ்ப்பகுதி, பற்றறித் தட்டு. ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி இந்த இடங்களில் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கினால் அங்கே தகரம் இல்லை, ஓட்டையை அடைக்கப் பூசிய புட்டிப் பசைதான் இருக்கிறது. அப்புறம் வாகனத்தை உயர்த்தி, பின் லீஃப் ஸ்பிரிங்கின் (பட்டை ஸ்பிரிங்) முனை வாகனத்தின் உடற்பகுதியோடு சேரும் இடத்தைத் திருப்புளியால் அழுத்துங்கள். திருப்புளி உள்ளே இறங்கினால், உக்கியதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்ட் பண்ணவேண்டும். மேலே புட்டி பூசி மறைக்க எவரையும் விடாதீர்கள். நெல் மூட்டையும் பிள்ளைகளும் ஏறிய வேகனின் முழுப் பாரமும் அந்த இடத்தில்தான் நிற்கிறது.

தகர வேலையையும் பெயின்ற் வேலையையும் கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்திலேயே முடித்துவிடுங்கள். மாரி தொடங்கிய பிறகு அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்ததாகிவிடும்.

அடுத்தது பிரேக். ரப்பர் குழாய்கள், மாஸ்டர் சிலிண்டர் வாஷர்கள், பிரேக் எண்ணெய் எல்லாம் புதிதாக வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இதில் பேரம் பேசவேண்டாம்.

அதற்குப் பிறகு, நான் ஆசையோடு சொல்வது முன்லைற். பழைய வேகன்களில் லைற்றுக்கான முழு மின்சாரமும் ஸ்டியரிங் அருகிலுள்ள சுவிச் வழியாகச் சுற்றிப் போகிறது. நாற்பது வருஷம் பழைய வயரில் வோல்ற்றேஜ் விழும், வெளிச்சம் மஞ்சளாகும். பற்றறியிலிருந்து ஃபியூஸோடு ஒரு தடித்த வயர் இழுத்து, இரண்டு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிச்) போட்டால், சுவிச் ரிலேயை இயக்குவதோடு சரி. அதே 60/55 வாட் எச்-4 பல்ப்பே பளிச்சென்று எரியும். இரவில் நடுறோட்டில் மாடு படுத்திருக்கும் நம் ஊரில், இதைவிடப் பிரயோசனமான மாற்றம் எனக்குத் தெரியாது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது என்பதும் எனக்குப் பிடித்த விஷயம்.

அலோய் வீல் போடலாம், தாராளமாக. நாலு நட், பீ.சீ.டீ. (நட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 114.3 மில்லிமீட்டர். பின்னால் வந்த முன்சக்கர இழுவைக் கொரோலாக்களின் றிம் 100 மில்லிமீட்டர், அதை வாங்கி ஏமாறாதீர்கள். 14 அங்குல றிம்மில் 185/60 ரயர் போட்டால், பழைய 13 அங்குல 155 ரயரின் மொத்த உயரமே கிட்டத்தட்ட வரும், ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது. அதைவிடப் பெரிதாகப் போகாதீர்கள், வளைவுக்குள் உரசும்.

உயரத்தைக் குறைப்பது வேண்டவே வேண்டாம். ஸ்பிரிங் பட்டையில் ஒன்றைக் கழற்றினால், சாமான் ஏற்றவே பிறந்த வாகனம் சாமான் ஏற்ற முடியாமல் நிற்கும். சைலன்சரும் சத்தமில்லாததே அழகு. சீற்றுக்கு அதே நிறத்தில் நல்ல துணி போட்டுக் குஷன் வேலை செய்யுங்கள், போதும்.

கறுப்பு? வெயிலுக்கு அடுப்பாகக் கொதிக்கும், தகரத்தின் ஒவ்வொரு நெளிவையும் காட்டிக்கொடுக்கும். எஞ்சின் அறைச் சுவரிலுள்ள தகட்டில் பழைய நிறத்தின் இலக்கம் இருக்கும். கதவின் உள்விளிம்பிலும் அந்த நிறம் மிஞ்சியிருக்கும். அதையே கலக்கச் சொல்லுங்கள். அப்பா ஓடிய வேகன் அப்பா ஓடிய நிறத்தில் கல்லடிப் பாலத்தால் வந்தால், பார்க்க எனக்கும் ஆசை.

காரின் நிறத்தையோ எஞ்சினையோ மாற்றினால் பதிவிலும் மாற்றவேண்டுமா?
– வாசகி, அக்கரைப்பற்று

ஆம், இரண்டுக்கும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவுச் சான்றிதழில் திருத்தம் எடுக்கவேண்டும். எஞ்சின் இலக்கமும் அதில் இருப்பதால், பாவித்த எஞ்சின் வாங்கும்போது விற்றவரின் பற்றுச்சீட்டையும் அதற்குரிய பத்திரங்களையும் கையோடு வாங்கி வையுங்கள் மகள்.