நான்கு நீச்சலிலும் முன்னேற்றம், மெட்லி நேரம் மட்டும் ஏன் நகரவில்லை?

கேள்வி: எனக்கு 19 வயது. ஐந்து வருடமாகப் போட்டிகளில் நீந்துகிறேன். 200 மீட்டர் தனிநபர் மெட்லியில் (ஒரே ஆள் நான்கு நீச்சலையும் வரிசையாக 50 மீட்டர் வீதம் நீந்தும் பந்தயம்) எட்டு மாதமாக 2:32-ஐத் தாண்ட முடியவில்லை. இத்தனைக்கும் 50 மீட்டரில் நான்கு நீச்சலிலும் என் நேரம் இந்த எட்டு மாதத்தில் குறைந்திருக்கிறது. பட்டர்ஃபிளை 29.6-க்கே வந்துவிட்டது. கடைசியாக 50 மீட்டர் குளத்தில் நீந்திய போட்டியின் ஸ்ப்ளிட் (ஒவ்வொரு 50 மீட்டருக்கும் ஆன நேரம்) இது: பட்டர்ஃபிளை 30.5, பேக்ஸ்ட்ரோக் 38.5, பிரெஸ்ட்ஸ்ட்ரோக் 45.0, ஃப்ரீஸ்டைல் 38.0. கடைசி 50 மீட்டரில் கை கால் மரத்துப்போகிறது. ஸ்டாமினா போதவில்லை என்கிறார்கள். ஃப்ரீஸ்டைல் தூரத்தைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: ஸ்ப்ளிட்டையும் சேர்த்து எழுதினீர்களே, பாதி வேலை முடிந்தது. பலர் மொத்த நேரத்தை மட்டும் எழுதிவிட்டு வழி கேட்பார்கள். ஜாதகத்தைக் காட்டாமல் பலன் கேட்பது போலத்தான் அது.

ஸ்டாமினாவை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். உங்கள் எண்களில் கண்ணை உறுத்துவது முதல் எண். 50 மீட்டர் பட்டர்ஃபிளையில் உங்கள் சிறந்த நேரமே 29.6 என்கிறீர்கள். மெட்லியின் முதல் 50-ஐ 30.5-இல் முடித்திருக்கிறீர்கள். இன்னும் 150 மீட்டர் பாக்கி இருக்கும்போது நீங்கள் மிச்சம் பிடித்தது 0.9 நொடி மட்டும்தான். அந்தக் கடனுக்கு வட்டி கட்டியதைத்தான் கடைசி 50-இல் 'மரத்துப்போகிறது' என்று உணர்கிறீர்கள்.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். 200 மெட்லியைச் சீராக நீந்துபவரின் நேரம் தோராயமாக இப்படிப் பிரியும்: பட்டர்ஃபிளைக்கு 22 சதவீதம், பேக்ஸ்ட்ரோக்குக்கு 25, பிரெஸ்ட்ஸ்ட்ரோக்குக்கு 29, ஃப்ரீஸ்டைலுக்கு 24. யாருக்கு எது பலமோ அதைப் பொறுத்து ஒன்றிரண்டு சதவீதம் முன்னே பின்னே போகும். 2:32-ஐ இந்தக் கணக்கில் பிரித்தால் 33.4, 38.0, 44.1, 36.5 என்று வரும். உங்களுடையதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பட்டர்ஃபிளையில் மூன்று நொடி முன்னே இருக்கிறீர்கள், மற்ற மூன்றிலும் பின்னே. அதிலும் ஃப்ரீஸ்டைலில் 1.5 நொடி. பட்டர்ஃபிளை உங்கள் பலம் என்பதால் 33-க்குப் போகச் சொல்ல மாட்டேன். 31.5-க்கும் 32-க்கும் நடுவில் நீந்தினால் போதும்.

மெதுவாக நீந்து என்றவுடன் பலர் ஸ்ட்ரோக்கையே தளர்த்திவிடுகிறார்கள். இடுப்பு இறங்கிவிடும், உடம்பு சாய்வாகத் தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். அப்படி நீந்தினால் நேரமும் போகும், களைப்பும் குறையாது. பட்டர்ஃபிளையில் பலத்தை மிச்சம் பிடிக்கும் இடம் கால். ஒரு ஸ்ட்ரோக்குக்கு இரண்டு கிக்: கை தண்ணீருக்குள் நுழையும்போது ஒன்று, கை பின்னால் தள்ளி வெளியே வரும்போது ஒன்று. 50 மீட்டர் பந்தயத்தில் இரண்டையும் ஓங்கி அடிப்பீர்கள். மெட்லிக்கு நான் சொல்லிக்கொடுப்பது, முதல் கிக்கைத் தாளத்துக்காகச் சின்னதாக வைத்துக்கொண்டு இரண்டாவதை மட்டும் முழுதாக அடிப்பது. மூச்செடுக்கும்போது தாடை தண்ணீரை உரசிக்கொண்டே போகட்டும். தலை ஒரு சாண் உயர்ந்தால் இடுப்பு அதற்கு ஈடாகக் கீழே போய்விடும். சரியாகச் செய்தால் 50 மீட்டர் பந்தயத்தில் வரும் ஸ்ட்ரோக் எண்ணிக்கையைவிட இரண்டு மூன்று குறைவாக வரும். ஸ்ட்ரோக் குறையாமல் நேரம் மட்டும் கூடினால் தளர்ந்து நீந்துகிறீர்கள் என்று பொருள்.

அடுத்து, நீங்கள் எழுதாமல் விட்ட விஷயம்: டர்ன். கை சுவரைத் தொட்ட கணத்தில் ஒரு ஸ்ப்ளிட் முடிந்து அடுத்தது தொடங்கிவிடுகிறது. சுவரில் திரும்பும் நேரம், உதைத்துக் கிளம்புவது, தண்ணீருக்கடியில் போவது எல்லாம் அடுத்த நீச்சலின் கணக்கில்தான் விழும். ஆகவே உங்கள் 38.5-ஐ அப்படியே பேக்ஸ்ட்ரோக்கின் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பட்டர்ஃபிளையிலிருந்து திரும்பிய விதமும் அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது. தனித்தனியாக 50 மீட்டர் நீந்திப் பார்க்கும்போது நீங்கள் கட்டையிலிருந்து குதிக்கிறீர்கள், டர்னே கிடையாது. நான்கும் முன்னேறியும் மெட்லி நகராததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சுவருக்குப் பக்கவாட்டில் ஒருவரை நிற்க வைத்து போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கை தொட்டதிலிருந்து கால் சுவரை விடும் வரை எவ்வளவு நேரம் என்று பாருங்கள். நல்ல மெட்லி வீரர்களுக்கு அது ஏறத்தாழ ஒரு நொடி. ஒன்றரையைத் தாண்டினால் மூன்று டர்னிலும் சேர்த்து எவ்வளவு போகிறது என்று நீங்களே கூட்டிக்கொள்ளலாம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மெட்லியில் ஸ்வீடனின் குன்னர் லார்சன் அமெரிக்காவின் டிம் மெக்கீயை வென்றது ஒரு நொடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு வித்தியாசத்தில். (அதற்கப்புறம்தான் நூறில் ஒரு பங்குவரை மட்டும் அளந்தால் போதும் என்று விதியை மாற்றினார்கள்.) அந்தப் பந்தயத்தில் டர்ன் மட்டும் ஏழு.

பட்டர்ஃபிளையிலிருந்து பேக்ஸ்ட்ரோக்குக்கு வரும் டர்ன் எளிதானது. இரண்டு கையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும், அவ்வளவுதான் விதி. பெரும்பாலானோர் செய்யும் தப்பு சுவரைப் பிடித்து மேலே எழும்புவது. தொட்டவுடன் ஒரு முழங்கையை இடுப்போரமாக இழுங்கள், முழங்கால் வயிற்றுப் பக்கம் வரட்டும், இன்னொரு கை காதை ஒட்டிப் பின்னால் போகட்டும். முகம் எழும்பாமல் அப்படியே மல்லாந்து உதையுங்கள். மல்லாந்த நிலையில் மூக்கு வழியாகக் காற்றை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஏறும்.

பேக்ஸ்ட்ரோக்கிலிருந்து பிரெஸ்ட்ஸ்ட்ரோக்குக்கு மாறும் இடம்தான் வில்லங்கமானது. தனி பேக்ஸ்ட்ரோக் போட்டியில் டர்ன் போடும்போது சுவர் அருகே குப்புறப் புரண்டு குட்டிக்கரணம் அடிக்க அனுமதி உண்டு. மெட்லியில் இந்த இடத்தில் அது கிடையாது. மல்லாந்தபடியே சுவரைத் தொட வேண்டும். தொடுவதற்கு முன் தோள் செங்குத்தைத் தாண்டிப் புரண்டால் தகுதி நீக்கம். நானே ஒருமுறை இப்படிப் பறிகொடுத்திருக்கிறேன். பழக்க தோஷம், சுவர் வந்ததும் உடம்பு தானாகப் புரண்டுவிட்டது. சுவரிலிருந்து 5 மீட்டரில் கொடிகள் தொங்குமே, அவற்றைக் கடந்தபின் சுவருக்கு எத்தனை ஸ்ட்ரோக் என்று மெட்லிக்கெனத் தனியாக எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். பேக்ஸ்ட்ரோக் போட்டியின் எண்ணிக்கை இதற்கு ஒத்துவராது. எண்ணும்போதும் களைத்த நிலையில் எண்ண வேண்டும், வார்ம்-அப்பில் எண்ணினால் ஒன்று குறைவாக வரும்.

இந்த டர்னில் மூன்று நான்கு வகை உண்டு. மிக வேகமானது கிராஸ்ஓவர்: மல்லாந்தபடி ஒரு கையைக் குறுக்கே கொண்டுபோய்ச் சுவரைத் தொட்டு, அப்படியே குட்டிக்கரணம் அடிப்பது. ஆனால் அதில் மூச்செடுக்க இடமே கிடையாது, உடனே நீண்ட புல்-அவுட்டுக்கு (சுவரை உதைத்தபின் தண்ணீருக்கடியில் ஒரு இழுப்பும் ஒரு உதையுமாகப் போவது) போக வேண்டும். உங்கள் நிலையில் நான் சாதாரண ஓப்பன் டர்னைத்தான் (குட்டிக்கரணம் இல்லாமல், தலையை மேலே வைத்து மூச்செடுத்துத் திரும்புவது) சிபாரிசு செய்வேன். டர்னில் அரை நொடி மிச்சம் பிடித்து, மூச்சு முட்டி, புல்-அவுட்டை பாதியிலேயே கைவிட்டு மேலே வந்தால் லாபம் யாருக்கு? புல்-அவுட்டில் அனுமதி இவ்வளவு: ஒரு டால்பின் கிக் (இரண்டு காலையும் சேர்த்து அடிப்பது), கையைத் தொடை வரை இழுக்கும் ஒரு இழுப்பு, ஒரு பிரெஸ்ட்ஸ்ட்ரோக் கிக். அவசரப்படாமல் செய்தால் மேலே நீந்துவதைவிட இது வேகமானது.

சரி, மேலே வந்தாயிற்று. இங்கேதான் இன்னொரு பள்ளம். மொத்த நேரத்தில் பெரிய பங்கு பிரெஸ்ட்ஸ்ட்ரோக்குக்கு. அதுவரை இரண்டு நீச்சலிலும் கால் மேலும் கீழுமாகத்தான் அடித்தது. இப்போது முழங்காலை மடக்கி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, சுழற்றி உதைக்க வேண்டும். கால் உடனே ஒத்துழைக்காது. அந்தப் பதற்றத்தில் கையை வேகவேகமாகச் சுற்றுவார்கள், சறுக்கல் காணாமல் போகும், நின்ற இடத்திலேயே நுரை கிளப்புவது மாதிரி ஆகிவிடும். முதல் மூன்று ஸ்ட்ரோக்கை வேண்டுமென்றே நீளமாக எடுங்கள். கை முன்னால் முழுதாக நீண்ட பிறகுதான் உதை முடிய வேண்டும், உதைத்த பின் ஒரு கணம் அம்பு மாதிரி சறுக்க வேண்டும். அதற்குள் கால் பழகிவிடும், பிறகு தாளத்தைக் கூட்டலாம். பேக்ஸ்ட்ரோக்கின் கடைசி 10 மீட்டரில் கிக்கைச் சற்றுத் தணித்துக் கையை நம்பி வந்தால் இந்த மாற்றம் இன்னும் இலகுவாகும். பயிற்சியில் முழங்காலின் உட்பக்கம் வலித்தால் முழங்காலை இடுப்பைவிட மிக அகலமாக விரிக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கிலிருந்து ஃப்ரீஸ்டைலுக்குப் போகும்போது மறுபடி இரண்டு கையால் தொட வேண்டும். உதைத்துக் கிளம்பியதும், முதல் கிக்குக்கு முன்பே உடம்பு குப்புறத் திரும்பியிருக்க வேண்டும் என்பது விதி. 15 மீட்டர் வரை தண்ணீருக்கடியில் போகலாம். மேல்மட்டத்தில் நீந்தும்போது நாமே கிளப்பும் அலைதான் பெரிய தடை, அரை மீட்டர் கீழே போனால் அந்தத் தடை வெகுவாகக் குறையும். பிரான்ஸின் லியோன் மார்ஷான் இந்தக் கடைசிச் சுவரில்தான் மற்றவர்களை விட்டுப் பிரிவார். எல்லோரும் மூச்சுக்காக மேலே வரும்போது அவர் இன்னும் கீழே டால்பின் கிக் அடித்துக்கொண்டிருப்பார். 2011-இல் அமெரிக்காவின் ரயன் லாக்டி 200 மெட்லியில் வைத்த 1:54.00 உலகச் சாதனையை 2025 சிங்கப்பூர் உலகப் போட்டியின் அரையிறுதியில் 1:52.69 ஆக்கினார். அதற்காக நீங்கள் நாளையே 15 மீட்டர் போக வேண்டாம். சுவரை உதைத்த வேகம் உங்கள் நீந்தும் வேகத்துக்கு இறங்கும் முன் மேலே வந்துவிட வேண்டும், அதுதான் அளவு. கிக் பலவீனமாக இருந்தால் நான்கே கிக் போதும். இன்னொன்று, தண்ணீருக்கடியில் மூச்சடக்கிப் போகும் பயிற்சியை ஆள் துணையில்லாமல் ஒருபோதும் செய்யாதீர்கள். வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு முங்குவதும் கூடாது. முன்னறிவிப்பே இல்லாமல் தண்ணீருக்குள் மயக்கம் வரும்.

இனி பயிற்சி. ஃப்ரீஸ்டைல் தூரத்தைக் கூட்டுவதால் கெடுதல் இல்லை, ஆனால் உங்கள் நோய்க்கு அது மருந்தாகாது. களைப்பில்லாமல் தொடங்கும் ஃப்ரீஸ்டைலும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்குக்குப் பின் வரும் ஃப்ரீஸ்டைலும் வேறு வேறு. அதனால் 50 பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கும் 50 ஃப்ரீஸ்டைலுமாகச் சேர்த்து நீந்தும் 100-களைக் கூட்டுங்கள். வாரம் இரண்டு முறை டர்னுக்கென்றே ஒரு செட் வையுங்கள்: குளத்தின் நடுவிலிருந்து கிளம்பி 25 மீட்டர் சுவருக்கு, திரும்பி 25 மீட்டர் அடுத்த நீச்சலில். மூன்று மாற்றங்களுக்கும் நான்கு நான்கு தடவை. மொத்தம் 600 மீட்டர்தான், ஆனால் மூன்று கிலோமீட்டர் வெறும் ஃப்ரீஸ்டைலைவிட உங்களுக்கு இது பிரயோஜனப்படும்.

பத்து நாளுக்கு ஒருமுறை உடைத்த 200 நீந்துங்கள். ஒவ்வொரு 50-க்குப் பிறகும் சுவரில் 10 நொடி நின்றுவிட்டு அடுத்தது, கடைசியில் மொத்தத்திலிருந்து 30 நொடியைக் கழிக்க வேண்டும். இலக்கு 31.8, 37.7, 44.0, 36.0. கூட்டினால் 2:29.5. இதில் ஒரே நிபந்தனை: பட்டர்ஃபிளை 31.5-க்குக் கீழே வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து முதலிலிருந்து. உங்கள் கோச்சிடம் ஸ்டாப்வாட்ச்சைக் கொடுத்து இந்த நிபந்தனையையும் சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்த மாட்டீர்கள்.

போட்டியில் முதல் தடவை 31.8-இல் சுவரைத் தொடும்போது, இதுவரை உங்களோடு ஒட்டி வந்தவர் ஓர் ஆள் நீளம் முன்னே இருப்பார். வயிற்றைக் கலக்கும். போகட்டும், விடுங்கள். கொடி தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு உங்கள் ஸ்ட்ரோக்கை எண்ணுங்கள்.