'ஷரேட்' (Charade, 1963) என்ற ஹாலிவுட் படத்தில் ஜோடியாக நடித்த கேரி கிராண்டுக்கும் ஆட்ரி ஹெப்பர்னுக்கும் 25 வயது வித்தியாசமாமே, பார்க்கும்போது உறுத்தாதா?

எனக்கு உறுத்தவில்லை. சொல்லப்போனால் அந்த வயது வித்தியாசத்தை அவர்கள் கையாண்ட விதத்தால்தான் இந்தப் படம் எனக்கு இவ்வளவு பிடித்துப்போனது.

கிராண்ட் பிறந்தது 1904 ஜனவரி, ஹெப்பர்ன் பிறந்தது 1929 மே. 1962 கடைசியில் பாரிஸில் படப்பிடிப்பு தொடங்கியபோது அவருக்கு 58 வயது, ஹெப்பர்னுக்கு 33. இது விமர்சகர்கள் பிற்பாடு கண்டுபிடித்த குறை கிடையாது, முதலில் சங்கடப்பட்டதே கிராண்ட்தான். இவ்வளவு சின்ன வயதுப் பெண்ணைத் தான் துரத்தித் துரத்திக் காதலித்தால் பார்க்கிறவர்களுக்கு முகம் சுளிக்கும் என்று தயங்கினார். அதற்காகத் திரைக்கதை எழுதிய பீட்டர் ஸ்டோன் செய்த மாற்றத்தில்தான் படமே நிற்கிறது: துரத்துகிற வேலையை அப்படியே அவளிடம் கொடுத்துவிட்டார். படம் முழுக்க அவள் நெருங்கி வருவாள், அவர் நழுவிக்கொண்டே இருப்பார். வயதைப் பற்றிய கிண்டலும் அவர் வாயிலிருந்தே வரும். ஒரு லிஃப்ட் காட்சியில், மைனர் பெண்ணை முதல் மாடிக்கு மேலே கூட்டிக்கொண்டு போன குற்றத்துக்காக என்னை உள்ளே தள்ளிவிடுவார்கள் என்கிற மாதிரி ஒன்று சொல்வார். நமக்குள் முனகிக்கொண்டிருப்பதை அவரே சத்தமாகச் சொல்லிவிடுவதால் அதற்கப்புறம் நாம் அதைப் பற்றி யோசிப்பதில்லை.

ஹெப்பர்னின் மற்ற ஜோடிகளைப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். 1954-இல் அவருக்கு ஜோடி ஹம்ப்ரி போகார்ட், 1957-இல் ஒரு படத்தில் ஃபிரெட் அஸ்டேர், இன்னொன்றில் கேரி கூப்பர். மூவருமே அவரைவிட ஏறக்குறைய முப்பது வயது மூத்தவர்கள். அந்தப் படங்களில் கதை வயதைத் தாண்டிப் போகப் பார்க்கும், நமக்கோ அதுதான் கண்ணில் படும். கூப்பருடைய படத்தில் அது ரொம்பவே தெரியும் என்பது என் அபிப்பிராயம். 'ஷரேட்' ஒன்றில்தான் அந்த இடைவெளியைக் காட்சிக்குள்ளேயே கொண்டுவந்து அதிலிருந்து சிரிப்பை எடுத்தார்கள்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன், யார் கொலைகாரன் என்பதை மட்டும் விட்டுவிடுகிறேன். ரெஜினா லாம்பர்ட் (எல்லோரும் ரெஜி என்று கூப்பிடுவார்கள்) பாரிஸில் வாழும் பெண். பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் மெஜேவ் என்ற ஊரில் பனிச்சறுக்கு விடுமுறையில் இருக்கும்போது பீட்டர் ஜோஷ்வா என்ற ஒருவரைச் சந்திக்கிறாள். பாரிஸுக்குத் திரும்பினால் வீடு துடைத்துவிட்ட மாதிரி காலி. பொருள்களை எல்லாம் ஏலத்தில் விற்றுவிட்டுக் கிளம்பிய கணவன், ஓடும் ரயிலிலிருந்து தள்ளிவிடப்பட்டுச் செத்திருக்கிறான். அமெரிக்கத் தூதரகத்துக்காரர் ஒருவர் அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்கிறார்: போர்க்காலத்தில் 1944-இல் பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்திடம் சேர்க்கச் சொல்லிக் கொடுத்த இரண்டரை லட்சம் டாலர் தங்கத்தை ஐந்து பேர் சேர்ந்து அமுக்கினார்கள், அதில் உன் கணவன் மற்றவர்களை ஏமாற்றித் தனியாகத் தூக்கிக்கொண்டு போனான், இப்போது அது உன்னிடம்தான் இருக்கிறது. அவளுக்கோ அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. மூன்று முரடர்கள் அவளைச் சுற்ற ஆரம்பிக்கிறார்கள். உதவிக்கு நிற்பவர் பீட்டர் ஜோஷ்வா ஒருவர்தான், அவருடைய பெயரும் பீட்டர் ஜோஷ்வா இல்லை என்று போகப்போகத் தெரிகிறது.

இங்கேதான் நான் முன்னால் சொன்ன மாற்றம் காதலுக்கு மட்டுமல்ல, மர்மத்துக்கும் வேலை செய்கிறது. அவர் துரத்தி அவள் மயங்கியிருந்தால், 'இந்த ஆள் பணத்துக்காக வலை வீசுகிறான்' என்று நாம் அடுத்த நிமிஷமே முடிவு கட்டியிருப்போம். அவரோ ஒதுங்கி ஒதுங்கிப் போகிறார். அந்த ஒதுக்கம் கண்ணியமா, கள்ளத்தனமா என்று நமக்குப் பிடிபடுவதில்லை. இந்த ஆளை நம்பலாமா என்பது ஒரே கேள்வி, ஆனால் காதலிக்கிறவளும் அதையே கேட்கிறாள், உயிருக்குப் பயந்தவளும் அதையே கேட்கிறாள். இரண்டு கதைகளை ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும் எத்தனையோ காதல் மர்மப் படங்களுக்கு நடுவில் இது தனியாக நிற்பது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இதற்கு ஒரு உதாரணம் சொல்லியே ஆகவேண்டும். ஆரம்பத்திலேயே அவள் அவரிடம் திருமதி ஜோஷ்வா என்று யாராவது உண்டா என்று கேட்பாள். உண்டு, விவாகரத்து ஆகிவிட்டது என்பார். அப்புறம் அந்தப் பெயர் பொய் என்று தெரிந்து வேறு பெயர் வெளியே வரும். அவள் ஆடிப்போயிருக்கிறாள், எதிரே நிற்பவன் கொலைகாரனாகக்கூட இருக்கலாம், அந்த நிலையிலும் அந்தப் புதுப் பெயரைச் சொல்லி, அவருக்கு மனைவி உண்டா என்று கேட்டுவிடுவாள். பதிலும் பழைய பதில்தான். பெயர் மாறும்போதெல்லாம் இது திரும்ப வரும். கேட்கும்போது ஹெப்பர்ன் முகத்தைப் பாருங்கள், கோபமும் இருக்கும், 'இவன் நல்லவனாக இருந்துவிடக் கூடாதா' என்ற ஏக்கமும் இருக்கும். ஒரு பொய்யனைப் பிடித்துப்போன பெண்ணின் மனசை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

வசனம் எழுதுவதில் ஸ்டோன் எவ்வளவு கெட்டிக்காரர் என்பது முதல் ஐந்து நிமிஷத்திலேயே தெரிந்துவிடும். ரயிலிலிருந்து விழுந்த பிணத்தை நமக்குக் காட்டிவிட்டார்கள். அடுத்து மலை விடுதியில் ரெஜி வெயில் காய்ந்துகொண்டிருக்கிறாள், ஒரு கை துப்பாக்கியை அவள் பக்கம் நீட்டுகிறது, சுட்டால் முகத்தில் தண்ணீர்! தோழியின் மகன் வைத்திருந்த பொம்மைத் துப்பாக்கி அது. அதற்குப் பிறகு கிராண்ட் வந்து பேச்சுக் கொடுக்கும்போது, எனக்குத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே அதிகம், அவர்களில் யாராவது செத்தால்தான் புதிதாக ஒருவரைச் சேர்த்துக்கொள்ள முடியும் என்கிறாள். யாராவது கவலைக்கிடமானால் சொல்லி அனுப்புங்கள் என்கிறார் அவர். முதல் தடவை பார்க்கும்போது சிரித்துவிட்டுப் போய்விடுவோம். இரண்டாம் தடவை, செத்தது யார் என்று தெரிந்த பிறகு, அதே வசனம் சுருக்கென்று தைக்கும்.

இந்தத் திரைக்கதையை ஸ்டோனும் மார்க் பெம் என்பவரும் முதலில் எழுதிக் காட்டியபோது ஸ்டூடியோக்கள் வேண்டாம் என்று திருப்பிவிட்டன. ஸ்டோன் அதை நாவலாக மாற்றி எழுதினார், அது 'ரெட்புக்' பத்திரிகையில் வந்ததும் கதைக்குக் கிராக்கி வந்துவிட்டது. வாங்கியவர் இயக்குநர் ஸ்டான்லி டோனன்.

டோனனைப் பற்றி அதிகம் பேசாமல் எல்லோரும் மர்மப் பட இயக்குநர் ஹிட்ச்காக்கையே இழுக்கிறார்கள், அதில் எனக்கு வருத்தம் உண்டு. கிராண்ட் ஹிட்ச்காக்கோடு நான்கு படம் செய்தவர் என்பதால் அந்த ஒப்பீடு இயல்பாக வந்துவிடுகிறது. ஆனால் டோனன் வந்த வழியே வேறு. அவர் அடிப்படையில் நடனக்காரர், ஜீன் கெல்லியோடு சேர்ந்து இசைப் படங்கள் இயக்கியவர். கிராண்ட் சின்னப் பையனாக இங்கிலாந்தில் பாப் பெண்டரின் குழுவில் சேர்ந்து கரணம் போட்டு வித்தை காட்டியவர், அந்தக் குழுவோடுதான் 1920-இல் நியூயார்க் போனார். ஹெப்பர்ன் பாலே கற்றவர். ஆக இந்த மூவருக்கும் உடம்பை எப்போது அசைக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறியது. படத்தில் பாட்டுக்கு ஆடும் நடனம் என்று பெரிதாக எதுவும் கிடையாது, ஆனால் நிறைய காட்சிகள் நடனம் அமைத்த மாதிரியே இருக்கும்.

கணவனின் சவப்பெட்டி வைத்திருக்கும் காட்சியைச் சொல்கிறேன். துக்கத்துக்கு வந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். குள்ளமான ஒருவர் வருகிறார், பெட்டிக்குள் எட்டிப் பார்க்கிறார், தும்முகிறார், தும்மிக்கொண்டே இருக்கிறார். அடுத்தவன் உயரமானவன், பிணத்தின் மூக்குக்குக் கீழே கண்ணாடியைப் பிடித்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறான். மூன்றாமவன் தடதடவென்று நடந்து வந்து, பிணத்தில் ஊசியால் குத்திப் பார்க்கிறான்! மூவருக்கும் அவன் நிஜமாகவே செத்தானா என்று சந்தேகம். கிட்டத்தட்ட பேச்சே இல்லாமல் மூன்று வில்லன்களின் குணமும் நமக்கு வந்துவிடுகிறது. என் அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் பிடிபடாது, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட உட்கார்ந்து பார்த்தார், இந்தக் காட்சிக்கு நான் ஒரு வார்த்தைகூட விளக்க வேண்டியிருக்கவில்லை. ஊசிக் கட்டத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த மூவரில் நெட் கிளாஸ், ஜேம்ஸ் கோபர்ன், ஜார்ஜ் கென்னடி மூவருமே பிரமாதம், கைக்குப் பதில் இரும்புக் கொக்கி வைத்த கென்னடியோடு மொட்டை மாடியில் கிராண்ட் போடும் சண்டை மட்டும் நிஜமாகவே பயமாக இருக்கும். தூதரகத்துக்காரராக வரும் வால்டர் மத்தாவ் தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலுப்பாகப் பேசும் அழகுக்கே தனியாக ஒரு பதில் எழுதலாம்.

இன்னொன்று அந்த இரவு விடுதிக் காட்சி. ஆரஞ்சுப் பழத்தைத் தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே இடுக்கி, கை படாமல் அடுத்தவர் கழுத்துக்குக் கடத்த வேண்டும், அதுதான் விளையாட்டு. கிராண்ட் ஒரு பருமனான அம்மாளிடமிருந்து பழத்தை வாங்கப் படும் பாட்டைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிப்போம். பிறகு அவரும் ரெஜியும் பழத்தோடு நெருங்கும்போது சிரிப்பு நின்று வேறு ஏதோ நடக்கிறது, இருவருக்குமே அது தெரிகிறது. கொஞ்ச நேரத்தில் அதே விடுதியில் ஒருவன் அவள் காதருகே வந்து மிரட்டுகிறான், டெலிபோன் பெட்டிக்குள் போனால் கோபர்ன் உள்ளே நெருக்கி நின்றுகொண்டு தீக்குச்சியைக் கொளுத்திக் கொளுத்தி அவள் மேல் போடுகிறான். சிரிப்பு, ஆசை, பயம் மூன்றும் ஒரே இடத்தில், ஒன்றுக்கு இன்னொன்று தடங்கலாக இல்லாமல்.

கிராண்டும் ஹெப்பர்னும் சேர்ந்து நடித்தது இந்த ஒரே படத்தில்தான். முதல் சந்திப்பைப் பற்றி டோனனும் ஹெப்பர்னும் சொல்லியிருக்கிறார்கள்: பாரிஸில் ஒரு உணவகத்தில் அறிமுகம், பதற்றத்தில் ஹெப்பர்ன் ஒயின் பாட்டிலைத் தட்டி கிராண்டின் கோட்டில் கொட்டிவிட்டார், அவர் கோபப்படாமல் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சாதாரணமாகச் சாப்பிட்டார், மறுநாள் அவளைத் தேற்றுவதற்குப் பரிசும் அனுப்பி வைத்தார். படத்தில் ரெஜி ஐஸ்கிரீமை அவர் கோட்டில் அப்பிவிடும் காட்சி அதிலிருந்து வந்ததுதான். அந்தக் காட்சியில் அவர் முகத்தில் தெரியும் பொறுமை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சூட்டும் கோட்டுமாக ஷவருக்குக் கீழே நின்று சோப்புப் போட்டுக் குளிக்கும் காட்சியும் அப்படித்தான், 59 வயதை நெருங்கும் ஒரு நட்சத்திரம் தன்னை இவ்வளவு கோமாளியாக்கிக்கொள்ளச் சம்மதித்ததே பெரிய விஷயம். அதற்கப்புறம் இரண்டே படங்கள், 1966-இல் நடிப்பையே விட்டுவிட்டார். ஹெப்பர்னுக்கு இந்தப் படத்துக்காக பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது.

ஹென்றி மான்சினியின் இசை, ஜிவான்ஷி தைத்த உடைகள், செய்ன் நதிப் படகு எல்லாவற்றையும் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன், ரெஜி இரவில் தூதரகத்துக்காரரைச் சந்திக்கும் இடம் லே ஆல் என்ற பழைய பாரிஸ் மொத்தச் சந்தை. அதன் இரும்புக் கூடங்களை 1971-இல் இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள், அதனால் அந்தக் காட்சி இன்று ஒரு ஆவணம்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஓட்டலில் ஒருவர் பின் ஒருவராகச் சாகும் நடுப்பகுதியில் பாரிஸ் போலீஸ் இவ்வளவு நிதானமாக இருக்குமா என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் பணம் எங்கே என்ற புதிருக்கான விடை கொஞ்சமும் ஏமாற்று இல்லை. அது ஆரம்பத்திலிருந்தே நம் கண்ணெதிரே இருக்கிறது, இரண்டாம் தடவை பார்க்கும்போது 'அட' என்று நெற்றியில் அடித்துக்கொள்வீர்கள்.

படம் வெளியானது 1963 டிசம்பரில், அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நம்மைப் படுகொலை செய்துவிடுவார்கள் என்று ரெஜி சொல்லும் வசனத்தில் அந்த வார்த்தை அப்போது கேட்கச் சகிக்காது என்று அவசரமாக வேறு வார்த்தையை டப் செய்து ஒட்டினார்கள். பின்னால் வந்த பதிப்புகளில் பழைய வசனத்தைத் திரும்பச் சேர்த்துவிட்டார்கள்.

எங்கே பார்ப்பது என்று கண்டிப்பாகக் கேட்பீர்கள். யூனிவர்சல் வெளியிட்ட படம், ஆனால் டைட்டிலில் ஆண்டும் கம்பெனி பெயர்களும் 'எல்லா உரிமையும் எங்களுக்கே' என்ற வரியும் போட்டவர்கள், காப்புரிமை என்ற சொல்லையோ வட்டத்துக்குள் C போடும் குறியையோ போட மறந்துவிட்டார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அது இல்லையென்றால் உரிமை கிடையாது, வெளியான நாளிலேயே படம் அங்கே பொதுச்சொத்து ஆகிவிட்டது. அதனால் இணையத்தில் எங்கே தேடினாலும் கிடைக்கும், ஆனால் பல பிரதிகள் நிறம் வெளிறி, ஓரம் வெட்டுப்பட்டு, சத்தம் இரைந்து கிடக்கும். அதைப் பார்த்துவிட்டுப் படம் சுமார் என்று முடிவு கட்டாதீர்கள். சார்ல்ஸ் லாங்கின் ஒளிப்பதிவு, முக்கியமாகக் கடைசியில் பாரிஸின் பாலே ராயல் அரண்மனைத் தூண்களுக்கு நடுவே நிழலும் வெளிச்சமுமாக நடக்கும் துரத்தல், மங்கிய பிரதியில் ஒன்றுமே தெரியாது. கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்ட ப்ளூரே, அல்லது சுத்தம் செய்யப்பட்ட வேறு நல்ல பிரதி எதுவோ அதைத் தேடிப் பாருங்கள். பார்க்கும் முன் விக்கிப்பீடியா பக்கத்தைத் திறக்க வேண்டாம், கொலைகாரன் யார் என்பதைக் கதைச் சுருக்கத்திலேயே போட்டு உடைத்திருக்கிறார்கள்.