கண்ணாடியைத் துடைத்த கை (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

குறும்படம் எடுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஆவணப்படமும் கதையும் கலந்த வடிவம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. 30 வருடம் லாரி ஓட்டி, பார்வை மங்கியதால் வேலையை விட்ட என் அப்பாவை வைத்து 14 நிமிடப் படம் ஒன்று எடுக்கிறேன். தெரிந்தவரின் பழைய லாரியைக் கேட்டு வாங்கி நிறுத்தி, அப்பாவை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, நான் எழுதிய வசனத்தைப் பேசச் சொன்னேன். கேமராவைப் பார்த்ததும் விறைத்துப்போகிறார். ஒரு டேக்கில் வசனத்தை மறந்துவிட்டு, கையை வெளியே நீட்டிப் பக்கக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அதையெல்லாம் வெட்டிவிட்டேன். அவருக்கு நடிப்பு வரவில்லை. வேறொரு நடிகரைப் போடலாமா? இந்த மாதிரிப் படத்தில் உண்மை எத்தனை சதவீதம், கற்பனை எத்தனை சதவீதம் இருக்க வேண்டும்? என்ன கேமரா வாங்கலாம்? போட்டிக்கு எந்தப் பிரிவில் அனுப்புவது?

எம்.

அன்புள்ள எம்.,

கையில் இருக்கும் போனே போதும். ஒலிக்கு மட்டும் தனியாக ஒரு மைக் வாங்கிக்கொள்ளுங்கள். படம் கொஞ்சம் கலங்கினால் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு காதில் விழாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். போட்டிப் பிரிவெல்லாம் படம் முடிந்த பிறகு. சதவீதம் கேட்டிருப்பதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் கடிதத்தை மூடிவைக்க முடியவில்லை. காரணம், உங்கள் அப்பா துடைத்த அந்தக் கண்ணாடி.

சென்ற மாதம் பழைய மினி-டிவி (MiniDV) வீடியோ கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒன்று, 2004-ல், அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோக்கும் கம்பாசிட்டர் ஒருவரைப் பற்றி நான் எடுத்த படத்தின் மூலப் பதிவு. என் முதல் கதை வந்த சிற்றிதழை அச்சுக்கோத்தவர் அவர். ஈய எழுத்தே தேவைப்படாத ஆஃப்செட் அச்சு வந்து, அவர் வேலை பார்த்த அச்சகம் மூடி, எழுத்துகளெல்லாம் ஈயமாக எடைக்குப் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. படத்துக்காக வேறொரு இடத்திலிருந்து, எழுத்துகளைத் தனித்தனி அறைகளில் போட்டுவைக்கும் மரத்தட்டுகளான கேஸ்களை வாடகைக்கு எடுத்துவந்து காலி அறை ஒன்றில் சாய்த்து நிறுத்தினோம். "ஐயா, பழையபடி ஒரு பாரா கோத்துக் காட்டுங்கள்" என்றேன்.

எழுத்துகளை வரிவரியாக அடுக்கும் ஸ்டிக்கை இடது கையில் பிடித்ததுமே அவர் முதுகு லேசாக வளைந்தது. கண் கையெழுத்துப் பிரதியில் இருந்தது. வலது கை தன்பாட்டுக்குக் கேஸுக்குப் போய் எழுத்தை எடுத்துவந்தது. ஒவ்வொரு அச்செழுத்தின் உடம்பிலும் ஒரு பக்கம் சின்னக் காடி இருக்கும். கட்டைவிரல் அதைத் தடவியே எது மேல், எது கீழ் என்று கண்டுகொள்ளும், குனிந்து பார்க்க வேண்டியதில்லை. இரண்டு வரி முடித்துவிட்டு ஸ்டிக்கைப் பார்த்தார். தலைகீழாக நிற்கும் எழுத்தைச் சரளமாக வாசிக்கிறவர். முகம் மாறிவிட்டது. இரண்டு வரியும் தப்பு. அந்தக் கேஸில் அறைகளின் வரிசை வேறு. அவர் கை தன் பழைய கேஸிலிருந்து, எடைக்குப் போய் உருகிவிட்ட அந்தக் கேஸிலிருந்து, எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

நான் "கட்" என்றேன். பிறகு, "பார்த்து மெதுவாக எடுங்கள் ஐயா" என்று சொல்லி, தப்பில்லாத ஒரு டேக் எடுத்தேன். படத்தில் இருப்பது அதுதான். முந்தைய டேக்குக்கு நேராக, என் கையெழுத்திலேயே, "என்.ஜி." (நோ குட், அதாவது உதவாது) என்று எழுதியிருக்கிறேன். நல்லவேளையாக என் கேமராக்காரர் உடனே நிறுத்தவில்லை. நான் கட் சொன்ன பிறகும் 40 நொடி ஓடியிருக்கிறது. அதில் அவர் தப்பாக வந்த எழுத்துகளை ஸ்டிக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, அந்தப் புதிய கேஸில் அதற்குரிய அறை எது என்று தேடுகிறார். ஓர் எழுத்தைப் பிடித்த விரல் நாலைந்து அறைகளுக்கு மேலே அப்படியே நிற்கிறது. இத்தனை வருடம் அது என் அலமாரியில் கிடந்தது. எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

வாடகைக் கேஸ், காலி அறை, நான் கொடுத்த பிரதி எல்லாமே என் ஏற்பாடு. கற்பனை என்று நீங்கள் சொல்வது அதைத்தான். அந்தப் பொய்யான அறையில் நிறுத்தியிருக்காவிட்டால் அந்தக் கையின் ஞாபகம் வெளியே வந்திருக்காது. வீட்டில் நாற்காலி போட்டுப் பேட்டி எடுத்திருந்தால், "அந்தக் காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு கோப்போம்" என்றிருப்பார், நாமும் தலையாட்டியிருப்போம். ஏற்பாடு நம்முடையது, அதற்குள் நம்மை மீறி வருவது அவர்களுடையது. இதில் எங்கே ஐயா சதவீதம் பிரிப்பது?

இது புதிய சங்கதியும் இல்லை. 1922-ல் வந்த 'நானூக் ஆஃப் த நார்த்' என்ற, பனிப்பிரதேச இனுயிட் மக்களைப் பற்றிய படத்துக்காக ராபர்ட் ஃப்ளாஹெர்ட்டி பனிவீட்டை வழக்கத்தைவிடப் பெரிதாகக் கட்டவைத்து, ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டார், உள்ளே படமெடுக்க வெளிச்சம் போதாதென்று. எனக்கு அதில் புகார் இல்லை. ஆனால் அந்த மக்கள் துப்பாக்கி பயன்படுத்திக்கொண்டிருந்த காலத்தில் அதை ஒதுக்கிவைத்து ஈட்டியோடு வேட்டையாடச் சொன்னாரே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வீட்டைத் திறந்தது அவர்களைப் பார்ப்பதற்காக. துப்பாக்கியை மறைத்தது, தான் முன்பே முடிவு செய்துவைத்த மனிதர்களாக அவர்களை ஆக்குவதற்காக.

நீங்களும் இரண்டாவதைத்தான் செய்திருக்கிறீர்கள். வசனம் எழுதிக் கொடுத்தேன் என்கிறீர்கள். என்ன வசனம் என்று கடிதத்தில் இல்லை, ஆனாலும் என்னால் ஊகிக்க முடிகிறது. "இந்த ஸ்டியரிங்தான் என் வாழ்க்கை" என்கிற மாதிரி ஏதாவது இருக்கும். 30 வருடம் வண்டி ஓட்டிய எந்த மனிதரும் அப்படிப் பேசமாட்டார். பேசச் சொன்னால் விறைக்கத்தான் செய்வார். அவர் உடம்பு உங்கள் வசனத்தை ஏற்க மறுத்திருக்கிறது, அதை நடிப்பு வரவில்லை என்று எழுதுகிறீர்கள். பெற்ற அப்பாவைப் பற்றி!

ஈரானிய இயக்குநர் கியரோஸ்தமியின் 'க்ளோஸ்-அப்' (1990) பார்த்திருப்பீர்கள். இயக்குநர் மக்மல்பஃப் நான்தான் என்று ஒரு குடும்பத்தை நம்பவைத்து மாட்டிக்கொண்ட ஏழை ஒருவரின் வழக்கு. நடந்தவற்றை அதே ஆளையும் அதே குடும்பத்தையும் வைத்தே திரும்ப நடத்தி எடுத்தார். நீதிமன்றத்தில் அந்த ஆளிடம், இந்தக் கேமரா உங்களுக்காக, மற்றவர்களுக்குப் புரியவைக்கக் கடினமானதை இதனிடம் சொல்லுங்கள் என்கிறார். ஏமாற்றுக்காரர் என்று கூண்டில் நிறுத்தப்பட்டவருக்கு ஒரு கேமராவைக் கொடுத்துவிடுகிறார். அவருக்குப் பதிலாக ஒரு நல்ல நடிகரைப் போட்டிருந்தால் அந்தப் படத்தில் என்ன மிஞ்சும், நீங்களே சொல்லுங்கள்.

எடுத்ததை அப்பாவுக்குக் காட்டினீர்களா? பிரெஞ்சு இயக்குநர் ழான் ரூஷும் சமூகவியலாளர் எட்கர் மோரனும் 1960 கோடையில் பாரிஸில் எடுத்த படத்தை அதில் வந்தவர்களுக்கே போட்டுக் காட்டி, அவர்கள் போட்ட சண்டையையும் படமாக்கினார்கள். சிலர் இது பாசாங்கு என்றார்கள், சிலர் இவ்வளவு அந்தரங்கத்தைக் காட்டலாமா என்றார்கள். என் கம்பாசிட்டருக்கு நான் முடித்த படத்தை மட்டும்தான் காட்டினேன். பார்த்துவிட்டு, "நான் இவ்வளவு மெதுவாகக் கோக்கமாட்டேன் தம்பி" என்றார். அது அடக்கத்தில் சொன்னது என்று எடுத்துக்கொண்டேன். அவர் என் படத்தைத் திருத்தியிருக்கிறார் என்று சென்ற மாதம்தான் உறைத்தது. அவர் இப்போது இல்லை.

உங்கள் அப்பா இருக்கிறார். பார்வை மங்கியதால் வண்டியை விட்டவர், வசனத்தை மறந்து கண்ணாடியைத் துடைத்திருக்கிறார். வெட்டியதை முதலில் மீட்டெடுங்கள். அழித்துவிட்டீர்கள் என்றால் அதையே மறுபடி செய்யச் சொல்லாதீர்கள், அது வராது. லாரியை இன்னொரு நாளைக்குக் கேளுங்கள். இருட்டு பிரியாத நேரம், அவர் வண்டி எடுக்கும் நேரமாக இருந்தால் நல்லது. வசனம் வேண்டாம். போனை டேஷ்போர்டில் பொருத்தி, ரெக்கார்டை அழுத்திவிட்டு, கிளீனர் உட்காரும் பக்கம் நீங்கள் ஏறி உட்காருங்கள். அவரை எதையும் செய்யச் சொல்லாதீர்கள். அவர் உங்களுக்கு ஏதாவது வேலை சொன்னால் இறங்கிப் போய்ச் செய்யுங்கள். கேமரா அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கட்டும்.