திறந்தவெளியில படம் வெளிறித் தெரியுதா?

3000 லூமன்ஸ் (அது வெளிச்சத்தோட அளவு) ப்ரொஜெக்டர்ல 15 அடி அகல ஸ்க்ரீன் கட்டி, பொழுது சாயும்போதே படம் போட்டா வெளிறுதுன்னு சொல்றீங்க, ப்ரொஜெக்டர மாத்தாதீங்க நண்பரே, காசு தண்டம். அகலத்த 10 அடியாக்குங்க, அதே வெளிச்சம் சின்ன இடத்துல விழறதால படம் ரெண்டு மடங்குக்கு மேல பளிச்சுன்னு இருக்கும். மெல்லிசு துணின்னா வெளிச்சம் பின்னாடி கசியும், பின்னால கறுப்புத்துணி ஒண்ணு கட்டிடுங்க. சூரியன் மறஞ்சு ஒரு மணி நேரமாவது விட்டுத்தான் ஆரம்பிக்கணும், அதுவரைக்கும் சவுண்ட் செக் பண்ணுங்க (ஜெனரேட்டர தள்ளி வைங்க, இல்லேன்னா வசனமே கேக்காது). அப்புறம் பகல்ல நடக்குற, படம் எடுக்கச் சொல்லித்தர்ற வொர்க்‌ஷாப்புல பசங்க போன்ல எடுத்த வீடியோவ முதல்ல போடுங்க, அவங்க வீட்டு ஆளுங்க எல்லாம் முன்னாடியே வந்து உக்காந்துருவாங்க.