பேர் மறந்துபோன சிற்பி – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

டொராண்டோவுல பன்னெண்டு வருஷமா இருக்கேன். ஆபீஸ் போற வழியில யூனிவர்சிட்டி அவென்யூவுல ஒரு போர் நினைவுத்தூண், உச்சியில றெக்கையோட ஒரு உருவம். தினமும் பாக்குறதுதான், ஆனா செஞ்சது யாருன்னு போன வாரம்தான் தேடினேன். வால்டர் ஆல்வர்ட்னு வந்துச்சு. கூட வேலை பாக்குற கனடாக்காரங்க ஒருத்தருக்கும் அந்தப் பேர் தெரியல. நிஜமாவே பெரிய ஆளா, இல்ல அரசாங்கம் கேட்டதையெல்லாம் செஞ்சு குடுத்த காண்ட்ராக்டர் மாதிரியா?

ஒரு டொராண்டோ வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெரிய ஆள்தான், சந்தேகமே வேணாம். பர்ஸ்ல பிளாஸ்டிக் 20 டாலர் நோட்டு இருந்தா பின்பக்கம் திருப்பிப் பாருங்க, ரெண்டு வெள்ளைத் தூண் நிக்கும், அது அவரோடதுதான், முதல் உலகப் போர்ல செத்த கனடா வீரர்களுக்காக பிரான்ஸ்ல விமிங்கிற இடத்துல வச்ச நினைவிடம்.

நீங்க பாக்குற தூண் 1910ல தென்னாப்பிரிக்கப் போருக்காக, அதாவது பிரிட்டன் அங்க இருந்த போயர்களோட நடத்தின போருக்காக வச்சது. அந்தப் போர்ல எனக்கு எந்த நியாயமும் தெரியல, சிற்பத்துலயும் றெக்கை கிரீடம்னு அந்தக் காலத்து வழக்கம் நிறைய ஒட்டிக்கிட்டிருக்கு. அதை மட்டும் வச்சு ஆல்வர்டை எடை போட்டுடாதீங்க. உங்க ஒண்டாரியோவுலயே இருக்குற ப்ராண்ட்ஃபோர்ட் ஊர்ல 1917ல திறந்த டெலிஃபோன் நினைவுச்சின்னத்தைப் பாருங்க. வேற யாரா இருந்தாலும் கிரஹாம் பெல்லுக்கு ஆளுயர சிலை வச்சுட்டு போயிருப்பாங்க. இவர் பெல்லையே வைக்கல. ஒரு ஓரத்துல ஒரு பொண்ணு சேதி சொல்றா, தள்ளி இன்னொரு ஓரத்துல இன்னொருத்தி கேட்டுக்கிட்டிருக்கா, நடுவுல இருக்குற அந்த தூரம்தான் டெலிஃபோன். திறப்பு விழாவுக்கு பெல்லே வந்திருந்தார்.

விமிக்கு நான் ஒரு தடவை போயிருக்கேன், அராஸ்ல இருந்து பக்கம்தான். சுத்தி இருக்குற நிலத்துல வெடிக்காத குண்டு இன்னும் புதைஞ்சு கிடக்குறதால ஆள் உள்ள போகக்கூடாது, ஆடுங்கதான் புல்லு மேயுது. பிரான்ஸ்ல செத்து, உடம்போ அடையாளமோ கிடைக்காத 11,285 கனடா வீரர்களோட பேர் அந்த சுவர்ல வெட்டியிருக்கு. நான் விரலால தடவிக்கிட்டே நடந்தேன். பேரெல்லாம் பத்தி பத்தியா இல்லாம ஒரே வரியா ஓடுது, ஒரு கல்லு முடியுற இடத்துல பாதிப் பேர், இடுக்கைத் தாண்டி அடுத்த கல்லுல மீதிப் பேர். விரல் அந்த இடுக்குல இறங்கி ஏறும்போது என்னால மேல நடக்க முடியல, அங்கயே நின்னுட்டேன்.

முன்பக்க சுவர் மேல தனியா ஒரு பொண்ணு நிக்கிறா, முக்காடு போட்டு, தலை குனிஞ்சு, ஒரு கை மோவாயைத் தாங்கிக்கிட்டு. பிள்ளைங்களைப் பறிகொடுத்த கனடா அவ, 30 டன் எடையுள்ள ஒரே கல்லுல செதுக்கினது. ஜெயிச்ச போருக்கு வச்ச சின்னம் சார் இது, ஆனா ஜெயிச்சவன் முகம் எங்கயுமே இல்ல, அவ பாக்குறது கீழ இருக்குற கல்லறையை.

இதுக்காக அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்ல. 1921ல போட்டியில ஜெயிச்சார், மனசுக்குப் பிடிச்ச கல்லைத் தேடவே ரெண்டு வருஷம் போச்சு, கடைசியில இப்போ குரோஷியாவுல இருக்குற செகெட் பக்கம், ரோமானியர் காலத்து கல்குவாரியில கிடைச்சுது. 1936 ஜூலை 26ல திறந்தாங்க. நாப்பத்தேழு வயசுல கிளம்பின மனுஷன் அறுபதைத் தாண்டித்தான் ஊர் திரும்பினார், அதுக்குள்ள சிற்பத்துல ரசனையே மாறிடுச்சு, அவரோட உச்சமான வேலையோ கடலுக்கு அந்தப்பக்கம். அப்புறம் உங்க ஊர் குயின்ஸ் பார்க்ல 1940ல, டொராண்டோவோட முதல் மேயர் மெக்கென்சிக்கு ஒரு நினைவுச்சின்னம், பெருசா சொல்ல அதோட சரி. 1955ல போய்ச் சேர்ந்தார். ஒரு நாடு தன் துக்கத்துக்கு அடையாளமா அவர் செஞ்சதை ரூபா நோட்டுல போட்டுக்கிட்டு பேரை விட்டுட்டது எனக்கு ஆறவே மாட்டேங்குது.

ஒட்டாவா போனா போர் அருங்காட்சியகத்துல விமி சிலைகளோட பிளாஸ்டர் மாதிரிகள் இருக்கு, பக்கத்துல நின்னு பாக்கலாம். அதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை ப்ராண்ட்ஃபோர்ட் போயிட்டு வாங்க. சொல்றவகிட்ட இருந்து கேக்குறவ வரைக்கும் நடந்து, எத்தனை அடின்னு எண்ணி எனக்கு எழுதுங்க, நான் அதை போட்டோவுலதான் பாத்திருக்கேன்.