வாங்குமுன் கேளுங்கள்: காரை உதிரும் பழைய சீலிங்கும் ஜிப்சம் போர்டும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சீலிங் பற்றியவை. தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மழைக்கு முன்னால் வேலையை முடிக்க எல்லோருக்கும் அவசரம். மிக்ஸி, மெத்தை, இன்வெர்ட்டர் கேள்விகள் அடுத்த முறைக்கு.

வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு பழைய எஸ்டேட் பங்களா வாங்கியிருக்கிறோம். சீலிங், மரப்பட்டிகள் மேல் சுண்ணாம்புக் காரை பூசியது. நிறைய விரிசல், ஓரிடத்தில் லேசாகத் தொங்குகிறது. இடிக்க வேண்டாம், அதன் கீழேயே ஜிப்சம் போர்டு அடித்து மூடிவிடலாம் என்கிறார் கான்ட்ராக்டர். ஹால் 15-க்கு 12 அடி. நம்பலாமா?

மூடலாம், போர்டு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்பதற்கு அவர் சரியான பதில் சொன்னால். "சீலிங்கில்தான் சார் அடிப்போம்" என்றால் அனுப்பிவிடுங்கள். "ஜாயிஸ்ட் கட்டையில்" (சுவருக்குச் சுவர் ஓடும் தாங்குகட்டை) என்றால் மேற்கொண்டு பேசுங்கள்.

உங்கள் சீலிங் நிற்கும் விதம் இது. ஜாயிஸ்ட் கட்டைகளுக்குக் குறுக்காக ஓர் அங்குலம், ஒன்றேகால் அங்குல அகலத்தில் மெல்லிய பட்டிகளைக் கால் அங்குல இடைவெளி விட்டு அடித்திருப்பார்கள். மயிர் கலந்த சுண்ணாம்புச் சாந்தைக் கீழிருந்து அழுத்திப் பூசும்போது அது இடைவெளி வழியாகப் பிதுங்கி, பட்டியின் முதுகில் கொண்டை போட்டு இறுகிவிடும். காரையைத் தாங்குவது அந்தக் கொண்டைகள்தான். ஒழுகல், எலி, துருவேறிய ஆணி, மேலே ஆள் நடமாட்டம் என ஏதாவது ஒன்றில் கொண்டை ஒடிந்தால் காரை தன் எடையாலேயே இறங்கத் தொடங்கும். எடையும் கொஞ்சமில்லை, சதுர மீட்டருக்கு 40 கிலோ அளவில் வரும். உங்கள் ஹால் 16.7 சதுர மீட்டர். அதாவது 650 கிலோவுக்கு மேல் ஏற்கெனவே தலைக்கு மேல் இருக்கிறது. 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு அதோடு இன்னொரு 150 கிலோவைச் சேர்க்கும். அதைச் சுமக்க வேண்டியது ஜாயிஸ்ட், காரை அல்ல.

ஆகவே முதல் வேலை கடைக்குப் போவதில்லை, டார்ச்சோடு மேலே ஏறுவது. ஜாயிஸ்டைக் குத்தூசியால் குத்துங்கள். உள்ளே சுலபமாக இறங்கினால் கரையானோ உளுப்போ இருக்கிறது. ஆசாரி வந்து மரத்தைச் சரிசெய்யும்வரை போர்டு பேச்சே வேண்டாம். ஓட்டிலோ தகரத்திலோ ஒழுகல் இருந்தால் அதை அடைத்து, ஒரு மழை பெய்து பார்த்த பிறகு அடுத்த வேலை. துணி சுற்றிய பழைய வயர் ஓடினால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள். சுவருக்குச் சுவர் நூல் பிடித்துப் பாருங்கள். நடுவில் ஓர் அங்குலத்துக்கு மேல் இறக்கம் இருந்தால் கட்டுமானப் பொறியாளர் பார்க்காமல் எடை ஏற்றாதீர்கள்.

கீழிருந்து உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். காரை மேலே போய்த் திரும்பி இறங்கினால் அங்கே கொண்டை போய்விட்டது. அது சிறிய இடமென்றால் அந்தத் துண்டைக் கழற்றிவிட்டு, பள்ளத்தில் அதே கனத்துக்கு மரத்துண்டு வைத்துச் சமப்படுத்தலாம். மூன்றில் ஒரு பங்கு அப்படி ஆடினால் மூடுவதே தவறு, முழுவதையும் இறக்குங்கள். தூசி கறுப்பாகக் கொட்டும். முகமூடி இல்லாமல் யாரையும் உள்ளே விடாதீர்கள்.

ஜாயிஸ்டைக் கண்டுபிடிக்க, பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தமே போதும். பட்டி ஆணிகள் ஒவ்வொரு ஜாயிஸ்டிலும் வரிசையாக நிற்கும். காந்தம் ஒட்டும் இடங்களை இணைத்துச் சாக்பீஸ் கோடு போட்டால் ஜாயிஸ்ட் கிடைத்துவிடும். இரண்டு இடத்தில் மெல்லிய துரப்பணம் விட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கோட்டைச் சுவரிலும் இறக்கிக் குறித்து வையுங்கள், போர்டு ஏறியதும் சீலிங்கில் போட்ட கோடு மறைந்துவிடும்.

ஸ்க்ரூ நீளத்துக்கு ஒரு கூட்டல் கணக்கு: போர்டு 12.5, காரையும் பட்டியும் சேர்ந்து ஏறக்குறைய 30, ஜாயிஸ்டுக்குள் குறைந்தது 32. ஆக 75 மி.மீ. காரைக் கனத்தை அந்தத் துரப்பண ஓட்டையில் கம்பி விட்டு அளந்து, உங்கள் வீட்டுக் கணக்கைப் போடுங்கள். மரத்துக்கான அகலப் புரி, துத்தநாகப் பூச்சு. பழைய தேக்கும் அயினியும் இரும்பு மாதிரி இறுகியிருக்கும், 3 மி.மீ. ஓட்டை போடாமல் முடுக்கினால் ஸ்க்ரூ தலை தனியாக ஒடிந்து வரும். ஆணி மட்டும் வேண்டவே வேண்டாம். சுத்தியலின் ஒவ்வோர் அடியும் மிச்சமிருக்கும் கொண்டைகளை ஒடிக்கும்.

போர்டின் நீளவாட்டம் ஜாயிஸ்டுக்குக் குறுக்காக வரட்டும், முனை இரண்டும் ஜாயிஸ்ட் மேல் உட்காரட்டும். கட்டை இடைவெளி 18 அங்குலம் என்றால் 6 அடி போர்டு கச்சிதமாக உட்காரும். மற்ற இடைவெளிகளில் முனையை வெட்டித்தான் ஆக வேண்டும், அந்தச் சேதாரத்தையும் கணக்கில் சேருங்கள். அடுத்தடுத்த வரிசையின் மூட்டுகள் ஒரே கோட்டில் வரக் கூடாது. முனைகளில் 150 மி.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ, நடுவில் 230 மி.மீ.க்கு ஒன்று. ஸ்க்ரூ தலை போர்டின் மேல்காகிதத்தைக் கிழிக்காமல் ஒரு மயிரிழை உள்ளே அமுங்க வேண்டும். கிழித்தால் அந்த ஸ்க்ரூ கணக்கில் இல்லை, பக்கத்தில் இன்னொன்று போடச் சொல்லுங்கள். 6-க்கு 4 அடி போர்டு உங்கள் ஹாலுக்குச் சேதாரத்தோடு 9. ஸ்க்ரூ போர்டுக்கு 35 முதல் 40 ஆகும். ஒரு போர்டே 20 கிலோவைத் தொடும். முட்டுக்கட்டை இல்லாமல் ஒருவர் பிடிக்க ஒருவர் முடுக்கும் ஆட்களை வைக்காதீர்கள்.

சீலிங் மேடு பள்ளமாக இருந்தால் நேரடியாகப் போர்டு வேண்டாம். மருந்து ஏற்றிய 50-க்கு 25 மி.மீ. ரீப்பரை (மெல்லிய மரச்சட்டம்) ஜாயிஸ்டுக்குக் குறுக்காக 18 அங்குலத்துக்கு ஒன்று வைத்து, பள்ளத்தில் சக்கை கொடுத்து மட்டம் பிடித்து, 100 மி.மீ. ஸ்க்ரூவால் ஒவ்வொரு ஜாயிஸ்டிலும் இறுக்குங்கள். பிறகு ரீப்பரில் போர்டு. அதற்கு 35 மி.மீ. ஸ்க்ரூ போதும்.

தேவிகுளம்: பச்சைப் போர்டு போட்டால் ஒழுகல் பிரச்சினை தீருமா?

தீராது. அது ஈரக்காற்றைத் தாங்கும், ஒழுகும் தண்ணீரைத் தாங்காது. முதலில் கூரை.

கூடலூர்: பழைய காரை சீலிங் மேல் போர்டு அடித்து ஏழாவது மாதம் ஒரு வரிசை முழுக்க விழுந்துவிட்டது. அப்போது அறையில் யாரும் இல்லை, கடவுள் புண்ணியம். 62,000 ரூபாய் கொடுத்தேன். "இந்த வருஷ மழை அப்படி" என்கிறார் கான்ட்ராக்டர். பில் இல்லை, வாட்ஸப்பில் தொகை எழுதி அனுப்பியது மட்டும் இருக்கிறது.

எந்தக் கூடலூர் என்று எழுதவில்லை. மழையைச் சொல்வதைப் பார்த்தால் நீலகிரிக் கூடலூர்தான்.

மழைமேல் பழி போட அவருக்கு வழியே இல்லை. விழுந்த போர்டில் இருக்கும் ஸ்க்ரூவை எடுத்து ஸ்கேலில் வையுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் 35 மி.மீ. போலத் தெரிகிறது. போர்டுக்கு 12.5 போனால் மிச்சம் 22.5. அது காரையைத் தாண்டிப் பட்டியைத் தொட்டிருந்தாலே அதிசயம். ஜாயிஸ்டுக்குப் போயிருக்கவே முடியாது. புரியில் வெள்ளைச் சாந்து ஒட்டியிருக்கும், மரத்தூள் இருக்காது. ஆக, போர்டைக் காரையில் தொங்கவிட்டிருக்கிறார். ஈரம் ஒரு சாக்கு.

எதையும் கூட்டி அள்ளாதீர்கள். ஸ்கேலோடு ஸ்க்ரூ, விழுந்த இடம், மேலே தெரியும் பட்டி எல்லாவற்றையும் படம் எடுங்கள். பத்துப் பதினைந்து ஸ்க்ரூவை உறையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். வேறொரு பொறியாளரிடம் ஒரு பக்க அறிக்கை வாங்குங்கள். 15 நாள் கெடு கொடுத்துப் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ். அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இது சேவைக் குறைபாடு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாதது உங்கள் குற்றமில்லை, கொடுக்க வேண்டியவர் அவர். வாட்ஸப் செய்தியும் பணம் அனுப்பிய வங்கி விவரமும் போதிய சாட்சி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தும் புகாரைப் பதிவு செய்துவையுங்கள். கொடுத்த பணத்தோடு இறக்கும் செலவையும் மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் கேளுங்கள். கூச்சமே வேண்டாம்.

முன்பு எழுதிய வண்டிப்பெரியாறு வாசகருக்கு இங்கே ஒரு வார்த்தை: பங்களாவை ஹோம்ஸ்டேயாக விடப்போகிறீர்கள் என்றால், நாளை நீங்கள் வழக்குப் போட நேர்ந்தால் வணிக நோக்கம் என்று எதிர்த்தரப்பு வாதாடும். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்துவது என்றால் சட்டம் உங்களை நுகர்வோராகவே பார்க்கும்.

செங்கோட்டை: புனலூர் கடையில் போர்டும் அதைத் தாங்கும் தகட்டுச் சேனலும் வாங்கினோம். பாதிப் போர்டு மூலை உடைந்து வந்தது. "கேஸ் போடணும்னா கொல்லத்துக்கு வாங்க" என்கிறார்கள்.

வர வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் போடலாம் என்கிறது அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவு. ஆரியங்காவு தாண்டி அவர்தான் வர வேண்டும். பில்லில் "அந்த ஊர் நீதிமன்றத்துக்கு மட்டுமே உட்பட்டது" என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

போடி: ஃபால்ஸ் சீலிங்குக்கு ஒருவர் சதுர அடி 70 சொல்கிறார், இன்னொருவர் 105. இரண்டும் ஒரே போர்டுதான். 70-க்கே கொடுத்துவிடலாமா?

சதுர அடி ரேட் என்ற இந்தப் பழக்கத்தின் மேல் எனக்கு நெடுநாள் கோபம். போர்டு பெயரைப் பெரிதாகச் சொல்லி, அதைத் தாங்கும் சேனலைப் பற்றி வாயே திறக்காமல் இருக்க வசதியான ரேட் அது. போர்டு கண்ணுக்குத் தெரியும், முதுகில் கம்பெனி முத்திரையும் ஐ.எஸ். 2095 எண்ணும் இருக்கும். அதில் ஏமாற்றுவது கடினம். சேனல் உள்ளே மறைந்துவிடும். 35 ரூபாய் வித்தியாசத்தில் பெரும்பகுதி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

முறைப்படி என்றால் சுவரைச் சுற்றிப் பெரிமீட்டர் சேனல், 610 மி.மீ.க்கு ஒரு பிடிப்பு. மேலே இன்டர்மீடியட் சேனல் 1,220 மி.மீ.க்கு ஒன்று. அதற்குக் குறுக்கே, போர்டை முடுக்கும் சீலிங் செக்‌ஷன் 457 மி.மீ.க்கு ஒன்று. தகடு 0.5 மி.மீ., துத்தநாகப் பூச்சு சதுர மீட்டருக்கு 120 கிராம். மலிவு ரேட்டில் என்ன ஆகும்? தகடு 0.35 ஆகும், செக்‌ஷன் இடைவெளி இரண்டடி ஆகும், பெரிமீட்டர் நாலு அடிக்கு ஓர் ஆணியில் நிற்கும். புதிதில் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். இரண்டு துலா (ஐப்பசி) மழை கழிந்து மூட்டெல்லாம் கோடு விடும்போதுதான் தெரியும்.

தராசு பொய் சொல்லாது. 12 அடி சீலிங் செக்‌ஷன் 0.5 தகட்டில் ஒன்றே முக்கால் கிலோ அளவில் நிற்கும். ஒன்றேகாலுக்கு இறங்கினால் அது 0.35. வண்டியிலிருந்து இறக்கும்போதே, மேஸ்திரி முன்னால் ஒன்றைத் தூக்கி வையுங்கள். "ஐ.எஸ்.ஐ. மாதிரியேதான் சார்" என்ற சொல்லை நம்பி நான் வாங்கிய ஒரு கட்டு சேனல், இப்போது வீட்டுக் கொல்லையில் அவரைப் பந்தலாக நிற்கிறது. அந்த எடைக்குத்தான் அது லாயக்கு.

70, 105 இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு இருவரிடமும் ஒரே தாளைக் கொடுங்கள்: போர்டு பெயரும் கனமும், சேனல் தகடும் பூச்சும், மூன்று இடைவெளிகள், ஸ்க்ரூ வகை, மூட்டுக்கு என்ன டேப், எத்தனை கோட்டு. எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு ரேட் கேளுங்கள். அப்போதும் 70 என்றால் தாராளமாகக் கொடுங்கள். எழுத மாட்டேன் என்பவரிடம் பேரம் வேண்டாம்.

உங்களுடையது கான்கிரீட் தளமா மரத்தளமா என்பதையும் எழுதவில்லை. கான்கிரீட்டுக்கான நைலான் பிளக்கைப் பழைய காரையில் அடித்துச் சேனலைத் தொங்கவிடுபவர்கள் இருக்கிறார்கள். மரத்தளம் என்றால் ஜாயிஸ்டின் பக்கவாட்டில் மர ஸ்க்ரூ, வேறு பேச்சில்லை.

மார்த்தாண்டம்: போர்டை வாங்கிக் கார் ஷெட்டில் சுவரில் சாய்த்து வைத்திருந்தோம். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) சாரலில் அடிப்பக்கம் நனைந்து வளைந்துவிட்டது. வெயிலில் காயவைத்து அடிக்கலாமா? கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார்.

அடிக்கக் கூடாது. கடைக்காரர் மறுப்பது நியாயம். போர்டைத் தரையிலிருந்து உயர்த்திய கட்டைகள் மேல் படுக்கையாக அடுக்க வேண்டும் என்று எல்லாக் கம்பெனியும் சொல்கிறது, நீங்கள் சாய்த்து வைத்து நனையவும் விட்டிருக்கிறீர்கள். நனைந்த பகுதியை வெட்டி எறிந்து, நேராக இருக்கும் மிச்சத்தை அலமாரிக்குப் பின்னால் எங்காவது பயன்படுத்துங்கள். சீலிங்குக்கு வேண்டாம்.

கம்பம்: மூட்டுகளில் விரிசல். மேஸ்திரி மறுபடி மறுபடி பட்டி மாவு (புட்டி) பூசுகிறார், மறுபடி மறுபடி விடுகிறது.

வலை டேப் போட்டிருப்பார். சுரண்டி எடுத்துவிட்டு, பக்கத்து ஸ்க்ரூக்களைச் சோதித்து, காகித டேப்பை ஜாயிண்ட் காம்பவுண்டில் பதிக்கச் சொல்லுங்கள். மூன்று கோட்டு, ஒவ்வொன்றும் முழுக்கக் காய்ந்த பிறகு. சுவர்ப் பட்டி மாவு இதற்கு உதவாது.

பீர்மேடு: சீலிங் மரப்பட்டிக் காரை அல்ல, பழைய ஆஸ்பெஸ்டாஸ் தட்டை ஷீட். அதன் மேலேயே ஸ்க்ரூ போட்டு ஜிப்சம் அடிக்கலாமா?

அதில் துரப்பணம் விடாதீர்கள், அறுக்காதீர்கள், உரசாதீர்கள். ஓட்டை போடும்போது பறக்கும் நார்தான் நுரையீரலுக்கு எமன். ஷீட் உடையாமல் இருந்தால் தொடாமல் விட்டு, சுவரிலிருந்து சுவருக்குத் தனிச் சட்டம் கட்டி அதில் போர்டை மாட்டலாம். உடைந்திருந்தால் நனைத்து, முழு ஷீட்டாக இறக்கத் தெரிந்த ஆட்களைக் கூப்பிடுங்கள். மேலே என்ன இருக்கிறது என்று மின்வேலைக்காரருக்கும் சொல்லி வையுங்கள்.

கொழிஞ்சாம்பாறை: புது ஜிப்சம் சீலிங்கிலேயே ஃபேன் ஹூக் வைத்துத் தருகிறேன் என்கிறார்.

வேண்டாம். ஹூக் ஜாயிஸ்டிலோ கான்கிரீட்டிலோ இருக்க வேண்டும். போர்டில் ஓட்டை மட்டும், அதன் வழியாக நீளமான ராடு. அப்படித் தரமாட்டேன் என்றால் ஆளை மாற்றுங்கள்.